விண்வெளிப் பேரரசை எதில் ஆள்வது? நான்கு விளையாட்டுகளின் ஒப்பீடு

விண்வெளியில் ஒரு பேரரசைக் கட்டி ஆளவும் அண்டை அரசுகளோடு போரிடவும் இடம்தரும் கணினி வியூக விளையாட்டு ஒன்றைப் புதிதாகத் தொடங்க விரும்புபவர், விலையைப் பார்ப்பதற்கு முன்பு தம் கையில் இருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இவ்வகை விளையாட்டுகளில் ஒரே ஓர் ஆட்டம் முடியவே பல மாலைகள் பிடிக்கும். விதிகள் பிடிபடுவதற்குள் இரண்டு மூன்று ஆட்டங்கள் பாதியில் கைவிடப்பட்டிருக்கும். அப்படிப் பாதியில் நிறுத்தியவர்களில் பலர், விளையாட்டு மோசம் என்று விட்டவர்கள் அல்லர். தமக்கு ஒவ்வாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டவர்கள். அந்தத் தவறைத் தவிர்க்க உதவும் என்ற எண்ணத்தில், மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2, ஸ்டெல்லாரிஸ், டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2, சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2 ஆகிய நான்கையும் இரண்டே கேள்விகளை வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

ஐந்து கோள்களை ஆளும்போது இருக்கும் இன்பம், அவை ஐம்பதாகும்போதும் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. போரில் தோற்றால், எதனால் தோற்றோம் என்பது ஆடுபவருக்குத் தெரிகிறதா என்பது இரண்டாவது. காட்சிகளின் அழகு, இனங்களின் எண்ணிக்கை, தொழில்நுட்பப் பட்டியலின் நீளம் ஆகியவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை; அவை முதல் வாரத்தில் கண்ணைக் கவரும், இரண்டாம் மாதத்தில் யாரையும் பிடித்து நிறுத்தாது. இருபது கோள்களுக்கும் ஒவ்வொன்றாகக் கட்டட ஆணை கொடுத்துச் சலித்தவரும், தம் படை பெரிதாக இருந்தும் ஏன் அழிந்தது என்று புரியாமல் திகைத்தவருமே இவ்விளையாட்டுகளை விட்டு விலகுகிறார்கள்.

இவ்வகைக்கு வழங்கும் ‘ஃபோர் எக்ஸ்’ என்ற பெயர், 1993இல் வெளிவந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியனைப் பற்றி விளையாட்டு விமர்சகர் ஆலன் எம்ரிக் எழுதிய முன்னோட்டக் கட்டுரையிலிருந்து பரவியது. தேடியறிதல், விரிந்து பரவுதல், வளங்களைப் பயன்கொள்ளுதல், எதிரியை ஒழித்தல் என, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ என்ற ஒலியோடு தொடங்கும் நான்கு செயல்களை அது குறிக்கிறது. நான் எடுத்துக்கொண்ட நான்கு விளையாட்டுகளிலும் இந்த நான்கு செயல்களும் உண்டு. ஆனால் அவற்றில் எதை ஆடுபவர் தம் கையால் செய்கிறார், எதை விளையாட்டின் பொறுப்பில் விடுகிறார் என்பதில் அவை ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன.

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2, சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கி மைக்ரோபுரோஸ் 1996இல் வெளியிட்டது. இது முறை வைத்து ஆடப்படுவது. நாம் ஆணைகளை இட்டு முடித்து அடுத்த முறைக்குப் போகும்வரை உலகம் நமக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு குடியேற்றத்திலும் வாழும் மக்கள் சிறு உருவங்களாக வரிசையில் நிற்பார்கள். அவர்களை எடுத்து உழவிலோ தொழிலிலோ ஆராய்ச்சியிலோ வைப்பதுதான் ஆட்சியின் அடிப்படை வேலை. கனிமம் மிகுந்த கோள் விண்கலம் கட்டும் இடமாகவும், வளமான கோள் நெற்களஞ்சியமாகவும் ஆகிவிடுகின்றன. ஓரிடத்தில் மிஞ்சும் உணவைச் சரக்குக் கலங்கள் பசித்த இடத்துக்குத் தாமாகவே கொண்டு செல்லும். ஆனால் எதிரியின் படை ஒரு விண்மீன் மண்டலத்தை முற்றுகையிட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டு, அங்குள்ள மக்கள் பட்டினியில் சாவார்கள். ஆட்சியும் போரும் வேறு வேறல்ல என்பதை இந்த ஓர் ஏற்பாடே முதல் ஆட்டத்தில் உணர்த்திவிடுகிறது.

இதன் ஆராய்ச்சி முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு துறையில் ஒரு படி ஏறும்போது இரண்டு மூன்று கண்டுபிடிப்புகள் முன்வைக்கப்படும். பெரும்பாலான இனங்கள் அவற்றுள் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். விட்டுவிட்டதைப் பேரம் பேசியோ, உளவாளியை அனுப்பியோ, போரில் பறித்தோதான் பெற வேண்டும். ஆகவே அண்டை அரசோடு நமக்குள்ள உறவுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு காரணம் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது நம்மிடம் இல்லை, நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லை. பகைக்கும் நட்புக்கும் இதைவிட இயல்பான அடித்தளத்தை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. பதின்மூன்று இனங்கள் ஆயத்தமாக இருந்தாலும், பத்துப் புள்ளிகளைச் செலவிட்டு நமக்கென ஓர் இனத்தையே வடிவமைக்கலாம். குறைகளை ஏற்றுக்கொண்டால் மேலும் பத்துப் புள்ளிகள் வரை கிடைக்கும். உணவில் வலிமையும் உளவில் பலவீனமும் கொண்ட ஒரு மக்களை நாமே படைத்துவிட்டு, அந்தப் பலவீனத்தின் விலையை நூறாவது முறையில் செலுத்துவது நல்ல பயிற்சி.

போர் இங்கே சதுரங்கம் போல நடக்கும். நாம் வடிவமைத்த ஒவ்வொரு கலத்தையும் நாமே நகர்த்தி, எந்த ஆயுதத்தை எந்த இலக்கின்மேல் எப்போது செலுத்துவது என்பதையும் நாமே முடிவு செய்கிறோம். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஏவுகணைகள் நிறைத்த சிறு கலங்கள் அச்சம் தருபவை. எதிரி ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் சிறு பீரங்கிகளைப் பொருத்தத் தொடங்கியதும் அதே கலங்கள் வெறும் செலவாகிவிடும். டிராக்டர் பீமால் ஒரு கலத்தை அசையாமல் பிடித்து, வீரர்களை அனுப்பி அதைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதைப் பிரித்தெடுத்தால் நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம் கிடைக்கவும் கூடும். தோற்றாலோ, எந்த நகர்வில் முன்வரிசைக் கலத்தைத் தேவையில்லாமல் எதிரியின் எல்லைக்குள் தள்ளினோம் என்பதைச் சுட்டிக்காட்ட முடியும். இரண்டாவது கேள்விக்கு இந்த நான்கிலும் தெளிவான விடை தருவது இதுதான்.

முதல் கேள்வியில் இது தடுமாறுகிறது. குடியேற்றங்கள் முப்பதைத் தாண்டியதும், ஒவ்வொன்றுக்கும் அதே தொழிற்சாலை, அதே ஆய்வுக்கூடம், அதே படைமுகாம் என்று ஆணை இட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தானாகக் கட்டும் வசதி உண்டு என்றாலும், ஒரு கோளை எதற்காகப் பிடித்தோம் என்ற நம் நோக்கத்தை அது அறியாது. கணினி இயக்கும் எதிரிகளின் அரசியல் பேச்சுகளும் இன்றைய கண்ணுக்கு எளிமையாகவே தெரியும். எனினும் இன்றைய எந்தக் கணினியிலும் இயங்கும், விலையும் மிகக் குறைவு என்பதை மாணவர்கள் கவனத்தில் கொள்ளலாம்.

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ் வேறொரு மனநிலையிலிருந்து பிறந்தது. காலம் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டியபோது நிறுத்திவைத்து ஆணையிடலாம். கி.பி. 2200இல் ஒரு கோளோடும் ஓர் ஆய்வுக் கலத்தோடும் தொடங்கி, இருநூறிலிருந்து ஆயிரம் வரை விண்மீன்கள் கொண்ட திரளில் பரவுகிறோம். மக்களுக்கு நம்பிக்கைகள் உண்டு. போரை விரும்புவோர், சமாதானத்தை விரும்புவோர், அயல் இனத்தை வரவேற்போர், வெறுப்போர் என்று அவர்கள் குழுக்களாகப் பிரிந்து நம் ஆணைகளை ஏற்கவோ முணுமுணுக்கவோ செய்வார்கள். கைப்பற்றிய கோளின் மக்களுக்கு முழுக் குடியுரிமை தருவதா, அடிமைகளாக்குவதா, வெளியேற்றுவதா என்பதுகூட நாம் வகுக்கும் சட்டம். ஆட்சி என்ற சொல்லின் முழுப் பொருளைத் தேடுபவருக்கு இந்த நான்கில் ஸ்டெல்லாரிஸே அதிகம் தருகிறது.

இதன் பொருளாதாரம் ஒரு சங்கிலி. கனிமம் தோண்டப்படுகிறது, அதில் ஒரு பங்கு உலோகக்கலவையாகிக் கலங்களாகவும் அரண்களாகவும் மாறுகிறது, மற்றொரு பங்கு நுகர்பொருளாகி ஆராய்ச்சியாளர்களைத் தாங்குகிறது. கனிமம் ஒன்றுதான், அதைக் கேட்பவர்கள் இருவர். படைக்கு அதிகம் ஒதுக்கும் அரசு இருபது ஆண்டுகளில் அறிவில் பின்தங்கும். ஆராய்ச்சிக்கு அதிகம் ஒதுக்கும் அரசு, ஐந்தாம் ஆண்டிலேயே படையெடுப்புக்கு இரையாகலாம். இதற்கு மேலாகச் செல்வாக்கு என்ற இன்னொரு வளம் மெல்லச் சொட்டுச் சொட்டாகச் சேரும். புதிய மண்டலத்தில் காவல்நிலை அமைக்கவும் அதுவே வேண்டும், எதிரியின் மண்டலத்தின்மேல் உரிமை கோரவும் அதுவே வேண்டும். பேரரசின் அளவு கூடக் கூட ஆராய்ச்சியின் விலையும் ஏறும் என்பதால், கண்ணில் பட்டதையெல்லாம் பிடிப்பது எப்போதும் அறிவுடைமை ஆகாது.

போருக்கும் இங்கே சட்டம் உண்டு. உரிமை கோராத மண்டலத்தைச் சாதாரணப் போரில் கைப்பற்றினாலும் வைத்துக்கொள்ள முடியாது. போர் நீளும்போது போர்ச்சோர்வு ஏறும். அது நூறு விழுக்காட்டைத் தொட்டுச் சிறிது காலம் கழிந்ததும், எதிரி நம்மை நடப்புநிலைச் சமாதானத்துக்கு வற்புறுத்தலாம். அப்போது உரிமை கோரியவற்றுள் முழுமையாகப் பிடித்தவை மட்டுமே கையில் தங்கும். தோற்ற அரசை விழுங்காமல் கப்பம் கட்டும் சிற்றரசாக வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. 2022இல் வந்த ஓவர்லார்டு என்ற கூடுதல் தொகுப்புக்குப் பிறகு, எந்த வளத்தில் எவ்வளவு கப்பம், போரில் துணைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் ஒப்பந்த விதிகளாக விரிந்தன. நிலத்தைப் பிடித்து அதன் நிருவாகச் சுமையையும் ஏற்பதைவிட, ஆள்பவனை அப்படியே விட்டுக் கப்பம் பெறுவது பெரும்பாலான ஆட்டங்களில் மேலான தேர்வு என்பது என் துணிபு. ஐம்பது கோள்களின் சுமைக்கு இந்த விளையாட்டு தரும் மிகச் சிறந்த விடையும் அதுவே.

ஆனால் போர்க்களத்தில் நம் கை கட்டப்பட்டிருக்கிறது. படையணி எதிரியைச் சந்தித்ததும் சண்டை தானாக நடக்கும்; நாம் பார்க்கலாம், பின்வாங்கச் சொல்லலாம், வேறெதுவும் செய்ய இயலாது. வெற்றி தோல்வி முன்பே வடிவமைப்பு மேசையில் எழுதப்பட்டுவிட்டது. எறிகுண்டு வகை ஆயுதங்கள் கேடயத்தை எளிதில் உடைக்கும், கவசத்தில் தடுமாறும்; லேசர் வகை அதற்கு நேர்மாறு; ஏவுகணைகள் கேடயத்தைப் பொருட்படுத்தாமல் ஊடுருவும், ஆனால் அவற்றை வழியிலேயே சுட்டு வீழ்த்தலாம். இவற்றை அறியாதவர் படையணியின்மேல் எழுதியிருக்கும் வலிமை எண்ணை மட்டும் பார்த்துப் போருக்குப் போகிறார், எண்ணில் குறைந்த எதிரியிடம் அழிகிறார். சண்டைக்குப் பின் வரும் அறிக்கையில் எந்த ஆயுதம் எதன்மேல் எவ்வளவு சேதம் விளைத்தது என்ற கணக்கு இருக்கிறது. புதியவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. தோல்வியின் காரணம் மறைக்கப்படவில்லை, ஆனால் தேடிப் போய்ப் படித்தாக வேண்டும். அதைவிட ஆழமான காரணம், பத்து ஆண்டுகளுக்கு முன் உலோகக்கலவை ஆலை கட்டாமல் விட்டதாகவும் இருக்கலாம். அதை எந்த அறிக்கையும் சொல்லாது.

ஸ்டெல்லாரிஸைத் தேர்ந்தெடுப்பவர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அது வெளியானபோது இருந்த விளையாட்டு இன்று இல்லை. தொடக்கத்தில் விண்மீன்களுக்கிடையே பயணிக்க மூன்று வழிகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு, விண்மீன்களை இணைக்கும் ஹைப்பர்லேன் என்ற நிலையான பாதைகளை மட்டும் பொதுவழியாக வைத்துக்கொண்டது. அந்த மாற்றத்தால்தான் கணவாய்கள் உண்டாயின, அரண் கட்டுவதற்குப் பொருள் வந்தது. நான் அதை முழு மனதோடு வரவேற்றவன். அதே ஆண்டு டிசம்பரில் கோளின் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்த அமைப்பு நீக்கப்பட்டு, மாவட்டங்களும் வேலைகளும் வந்தன. 2025 மே மாதத்தின் 4.0 பதிப்பு மக்கள்தொகையைக் கணக்கிடும் முறையையே மீண்டும் மாற்றியது. ஆகவே வழிகாட்டி எதைப் படித்தாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய பதிப்பே போதும் என்பவர்கள் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையத் தளத்தில் அதைத் தேர்ந்து ஆடவும் வழியிருக்கிறது. கூடுதல் தொகுப்புகள் அனைத்தையும் சேர்த்தால் செலவு அடிப்படை விளையாட்டின் விலையைப் பல மடங்கு மிஞ்சும். தொடங்குபவருக்கு அடிப்படை விளையாட்டே பல மாதங்களுக்குப் போதுமானது. பெரிய திரள்களில் ஆட்டத்தின் பிற்பகுதியில் காலம் மெதுவாக நகரும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட குறை; வலிமை குறைந்த கணினி உள்ளவர்கள் சிறிய திரளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோட்ஃபோர்ஸ் உருவாக்கி 2022 மார்ச்சில் வெளிவந்த டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2, முதல் கேள்விக்கு மற்ற மூன்றும் எண்ணிப் பார்க்காத ஒரு விடையைச் சொல்கிறது. இங்கே பொருளாதாரத்தின் பெரும்பகுதி அரசுடையது அன்று. சரக்குக் கலங்களும் பயணிகள் கலங்களும் தனியாருக்கு உரியவை. அவை எங்கே போக வேண்டும் என்று அரசர் ஆணையிட முடியாது. அரசு வரி வாங்கும், துறைமுகம் கட்டும், சுரங்க நிலையம் அமைக்கும், வழித்தடத்தைக் கொள்ளையரிடமிருந்து காக்கும். ஒரு போர்க்கலம் கட்ட வேண்டுமானால் அதற்கான உலோகம் எங்கோ ஒரு நிலவில் தோண்டப்பட்டு, ஒரு தனியார் கலத்தில் ஏறி, நம் துறைமுகம் வந்து சேர வேண்டும். வரைபடத்தில் அந்தச் சிறு கலங்கள் எறும்பு வரிசையாக ஊர்வதைப் பார்க்கும்போது, பேரரசு என்பது நாம் இடும் ஆணைகளின் தொகுப்பு மட்டுமன்று என்று தோன்றுகிறது. அந்த உணர்வை வேறு எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தந்ததில்லை.

அதோடு, ஆட்சியின் ஒவ்வொரு துறையையும் நாமே நடத்தலாம், விளையாட்டிடம் முழுவதும் ஒப்படைக்கலாம், அல்லது அமைச்சரைப்போல ஆலோசனை மட்டும் சொல்லச் செய்து இறுதி முடிவை நாமே எடுக்கலாம். வரியையும் ஆராய்ச்சியையும் கல வடிவமைப்பையும் ஒப்படைத்துவிட்டு, ஒரே ஒரு படையணியை மட்டும் நம் கையில் வைத்துக்கொண்டு தளபதியாக ஆட முடியும். படையணிகளை விளையாட்டிடம் விட்டுவிட்டு நிதியை மட்டும் கவனிக்கவும் முடியும். ஈராயிரம் விண்மீன்கள் வரை கொண்ட திரளில் ஐம்பது கோள்கள் ஒரு பொருட்டல்ல.

போரில் இதன் மையம் எரிபொருள். கலங்கள் கேஸ்லான், ஹைட்ரஜன் போன்றவற்றை எரித்துப் பயணிக்கின்றன. வாயுக்கோள்களில் அமைத்த நிலையங்களிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. எரிபொருள் தீர்ந்த படையணி எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் ஊர்ந்துதான் செல்லும், நின்று போராடவும் திணறும். இங்கே குறித்த பாதைகள் இல்லை. கலங்கள் எந்தத் திசையிலும் பாயலாம், விண்முகில்கள் மட்டுமே அவற்றைத் தடுமாற வைக்கும். கணவாயில் அரண் கட்டி அமர்ந்துவிடும் ஸ்டெல்லாரிஸ் பழக்கம் இங்கே உதவாது. ஆனால் இரண்டாவது கேள்வியில் இது மிகவும் கடினமானது. தோற்றதற்குக் காரணம் வடிவமைப்பா, எரிபொருளா, நாம் ஒப்படைத்த துறை எடுத்த ஒரு முடிவா என்று பிரித்தறிய நெடுநேரம் தோண்ட வேண்டும். பிறரிடம் ஒப்படைத்தவர் பிறர் தவறையும் சுமக்க வேண்டும் என்பது ஆட்சியில் உண்மைதான். எனினும் முதல்முறை ஆடுபவர் அதை ஏற்றுப் பொறுமையாக இருப்பது அரிது.

சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2 பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதன் நோக்கம் குறுகியது, தெளிவானது. அயர்ன்கிளாட் கேம்ஸ் உருவாக்கி, 2024 ஆகஸ்டில் ஸ்டீம் தளத்துக்கு வந்த இது முழுக்க நிகழ்நேரத்தில் ஓடுவது. மக்களின் நம்பிக்கை, கட்சி, குடியுரிமை எதுவும் இல்லை. கோள்களை மேம்படுத்துதல், சுரங்கம், ஆராய்ச்சி என்று ஆட்சி எளிமையாக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாகரிகங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள். பெருங்கலங்கள் அனுபவம் பெற்று வளரும். அவற்றின் சிறப்பாற்றல்களை எப்போது பயன்படுத்துவது என்பது ஆடுபவரின் கையில் இருக்கிறது. ஏவுகணை ஒவ்வொன்றும் உண்மையாகவே பறந்து செல்லும், வழியில் சுட்டு வீழ்த்தப்படும். கோள்கள் தம் விண்மீனைச் சுற்றி நகர்வதால் இன்று நம் எல்லையில் இருக்கும் கோள் ஒரு மணி நேரம் கழித்து எதிரியின் அருகில் இருக்கலாம். எல்லை என்பதே இடம் மாறும் போர் இதில்தான் உண்டு. நான்கு நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் ஒன்றாக ஆட விரும்பினால் நான் இதையே சொல்வேன். பேரரசை ஆள்வதைப் பற்றி எண்ணிப் பார்க்க விரும்புபவருக்கு இது போதாது.

ஆம்ப்ளிட்யூட் நிறுவனத்தின் எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 (2017) இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று சிலர் கேட்கலாம். தேர்தல், கட்சிகள், செனட், சட்டங்கள் என்று அதன் உள்நாட்டு அரசியல் அழகானது; கோள்களை உண்டு தீர்க்கும் கிரேவர்கள், கலங்களிலேயே வாழும் வோட்யானிகள் என்று அதன் இனங்கள் ஒவ்வொன்றும் வேறு விதமாக ஆடப்படுபவை. ஆனால் போரில் ஓர் உத்தியைத் தேர்ந்துவிட்டுக் காட்சியைப் பார்ப்பதோடு நம் பங்கு முடிகிறது. போர் பாதி, ஆட்சி பாதி என்று கேட்பவருக்காக எழுதப்படும் கட்டுரை என்பதால் அதைத் தள்ளிவைத்தேன்.

வேறுபாடு நன்றாக விளங்க, நான்கிலும் ஒரே நெருக்கடியை வைத்துப் பார்ப்போம். எல்லையில் வலிய அண்டை அரசு ஒன்று இருக்கிறது, நம் படை அதன் படையில் பாதி, போர் உறுதியாகிவிட்டது.

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2இல் நான் வெளியே போய்ச் சண்டையிட மாட்டேன். விண்தளமும் ஏவுகணைத் தளமும் உள்ள கோளின் அருகே காத்திருந்து, வரும் படையின் மிகப் பெரிய கலத்தின்மேல் அனைத்துச் சுடுதிறனையும் குவிப்பேன். நன்றாக நகர்த்தினால் பாதிப் படை முழுப் படையை வெல்லும். திறமைக்கு அங்கே அவ்வளவு இடம் இருக்கிறது. ஸ்டெல்லாரிஸில் அதே நிலையில் களத்தில் செய்ய ஒன்றுமில்லை. கணவாய் மண்டலத்தில் விண்நிலையத்தை வலுப்படுத்த வேண்டும். உளவு போதுமான அளவு இருந்தால் எதிரிக் கலங்களில் கேடயம் மிகுதியா கவசம் மிகுதியா என்று பார்த்து ஆயுதங்களை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக வேறோர் அரசோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். தன் வலிமையோடு துணைவரின் வலிமையையும் சேர்த்து எண்ணத் தெரிந்தவருக்கு அங்கே படை குறைவாக இருப்பது பெருங்குறை ஆகாது. போரே மூளாமல் வலியவரின் கீழ்ச் சிற்றரசாகச் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகள் வளர்ந்து, பிறகு விடுதலைக்காகப் போரிடும் பாதைகூட அங்கே திறந்திருக்கிறது. நான் ஆடியவற்றுள் நினைவில் நிற்கும் ஆட்டங்கள் அப்படிப்பட்டவையே.

டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2இல் எதிரியின் பெரும்படையைத் தொடவே கூடாது. அதற்கு எரிபொருள் வழங்கும் வாயு நிலையங்களைச் சிறு, விரைவான படையணிகளால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். பசித்த பெரும்படை தானாகவே நின்றுவிடும். சின்ஸ் 2இல் அரண்களும் பழுதுபார்க்கும் நிலையங்களும் உள்ள கோளுக்குப் பின்வாங்கி, எதிரி உள்ளே வந்ததும் பெருங்கலங்களின் ஆற்றல்களைச் சரியான நொடியில் பயன்படுத்த வேண்டும். கை வேகம் அங்கே ஒரு வலிமை.

இனி என் முடிவு. இவ்வகை விளையாட்டை ஒருபோதும் ஆடாதவர் மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2இல் தொடங்குவதே நல்லது. காட்சிகள் பழையவை என்று தயங்குபவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் காரணமும் விளைவும் இவ்வளவு அருகருகே தெரியும் இன்னொன்றை என்னால் காட்ட முடியவில்லை. அதில் கற்றவை மற்ற மூன்றிலும் பயன்படும். ஒரே ஒரு விளையாட்டை வாங்கி ஓராண்டு முழுவதும் அதிலேயே இருக்க விரும்புபவர் ஸ்டெல்லாரிஸை எடுக்க வேண்டும், களத்தில் கை கட்டப்பட்டிருப்பதை ஏற்றுக்கொள்ள முடியுமானால் மட்டும். அதை ஏற்க முடியாதவர், ஆனால் பேரரசு பெரிதாக வேண்டும் என்பவர், டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2க்குப் பொறுமையோடு போகலாம். வாரத்துக்கு ஒரு மாலை மட்டுமே உள்ளவர் ஸ்டெல்லாரிஸையும் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸையும் தவிர்ப்பது நல்லது. ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது எங்கே விட்டோம், ஏன் அந்தப் படையணி அங்கே நிற்கிறது என்பதே மறந்திருக்கும். முறை வைத்து ஆடும் விளையாட்டில் அந்த இழப்பு குறைவு.

தொடக்க அமைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சரியான விளையாட்டைத் தேர்ந்தும் தவறான அமைப்பில் தொடங்கிச் சலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2இல் நடுத்தரத் திரளும் மூன்று நான்கு எதிரிகளும் போதும். முதல் ஆட்டத்தில் இனத்தை நாமே வடிவமைக்காமல், ஆராய்ச்சியில் சிறந்த சைலான்களை எடுத்தால், எல்லாக் கண்டுபிடிப்புகளும் கிடைப்பதால் எது எதற்கு என்று அறிய வசதியாக இருக்கும். ஸ்டெல்லாரிஸில் நானூறு விண்மீன்கள் கொண்ட சிறிய திரளை வைத்து, ஆட்டத்தின் இடைக்காலமும் இறுதிக்காலமும் தொடங்கும் ஆண்டுகளை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது ஆண்டுகளுக்குள் உலோகக்கலவை ஆலையைக் கட்டாமல் எந்த அண்டை அரசோடும் வாக்குவாதம் வேண்டாம். டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2இல் எல்லாத் துறைகளையும் ஒப்படைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஒரு சரக்குக் கலத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது எங்கே எதை ஏற்றுகிறது, எந்தத் துறைமுகத்தில் இறக்குகிறது, அதன்பின் அங்கே எந்தக் கலம் கட்டப்படுகிறது என்று கண்ட பிறகு முதல் துறையைக் கையில் எடுக்கலாம்.